டிப்பரின் கொள்ளளவும் சுமையும்

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் ஏ-9 வீதியில் அலவத்துகொட அமைந்துள்ளது. இலங்கையின் ஏனைய இடங்களைப் போன்று இங்கும் கட்டட வேலைக்கான மணல், கருங்கல் என்பன ‘கியூப்’ கணக்கிலேயே விற்கப்படும். கியூப் என்பது கனவளவின் அலகாகும், திணிவின் அலகன்று.

1 கியூப் = 100 கன அடி = 2.83 கன மீற்றர் (அண்ணளவாக)

டிப்பர் வகைகள்

1. சிறியது: ஏறத்தாழ 1 கியூப்.
2. நடுத்தரம் (இரண்டு அச்சு, ஆறு சில்லு): 2 முதல் 3 கியூப்.
3. பெரியது (மூன்று அச்சு, பத்துச் சில்லு): 3 கியூபிற்கு மேல்.
4. சுரங்க டிப்பர்: பொது வீதிகளில் ஓடாது. 2013 இல் அறிமுகமான பெலாரஸ் நாட்டின் பெலாஸ் 75710 வாகனம் 450 தொன் சுமக்கும்.

உதாரணம்

டிப்பர் பெட்டியொன்றின் நீளம் 10 அடி, அகலம் 5 அடி, உயரம் 2 அடி. உலர் மணலின் அடர்த்தி கன மீற்றருக்கு 1600 கிலோகிராம் எனக் கொள்க.

கனவளவு = 10 × 5 × 2 = 100 கன அடி = 1 கியூப்
திணிவு = 2.83 × 1600 = 4528 கிலோகிராம்

மழையில் நனைந்து அடர்த்தி 1900 ஆனால் திணிவு 5377 கிலோகிராம் ஆகும். பெட்டி நிரம்பிய அளவு ஒன்றே; சுமையோ 849 கிலோகிராம் கூடிவிட்டது. இறக்கமான மலைவீதியில் இம்மேலதிகச் சுமையால் பிறேக் அதிகம் சூடாகி, அதன் பிடிமானம் குறையும். எனவே கியூபை மட்டும் பார்த்துச் சுமையேற்றல் ஆபத்தானது.

பயிற்சி

மேற்படி டிப்பர் 4000 கிலோகிராம் மட்டுமே ஏற்றலாமெனின், உலர் மணலை எவ்வளவு உயரத்திற்கு நிரப்பலாம்?

விடை: 4000 ÷ 1600 = 2.5 கன மீற்றர்; அதாவது ஏறத்தாழ 88 கன அடி. உயரம் = 88 ÷ 50 = 1.76 அடி. விளிம்புவரை நிரப்பலாகாது.