தண்டவாளம் தீர்வதற்குள்ள…

தம்பி தங்கைகளே, போன மாதம் முகாம் வேலைகளைப் பேச எங்கள் வீட்டில் நாலு பேர் கூடினோம். பேசி முடிந்ததும் 'அன்ரெயில்ட்' விளையாட உட்கார்ந்தோம். பத்தே நிமிடத்தில் என் சித்தப்பா மகள் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, "நீங்களே விளையாடுங்கண்ணா" என்று எழுந்து போய்விட்டாள். தப்பு என்னுடையதுதான். அதைச் சொல்றதுக்கு முன்னாடி, விளையாட்டு தெரியாதவர்களுக்குக் கொஞ்சம்.

சுவிட்சர்லாந்தில் உருவாகி 2020-இல் முழுமையாக வெளிவந்த விளையாட்டு இது. ரயில் தானாகவே நகர்ந்துகொண்டே இருக்கும், நிற்காது. தண்டவாளம் தீர்வதற்குள் அடுத்த துண்டைப் போடணும், இல்லாட்டி ஆட்டம் முடிஞ்சது. கோடரியால் மரம் வெட்டணும், குந்தாலியால் இரும்பு எடுக்கணும், இரண்டையும் ரயில் பெட்டியில் கொண்டுபோய்ப் போடணும். ஒரு மரமும் ஒரு இரும்பும் சேர்ந்தால் ஒரு துண்டு தண்டவாளம்.

இந்தக் கணக்கில்தான் பலர் தோற்கிறார்கள். ஆறு இரும்பு குவிஞ்சிருக்கு, மரம் ஒண்ணுதான் இருக்கு என்றால் கிடைப்பது ஒரே துண்டு. மீதி ஐந்து இரும்பும் வீண் உழைப்பு. எங்கள் பொறியியல் வகுப்பிலும் இதே கதைதான்: எந்த இடம் குறுகலோ, அதுதான் மொத்த வேகத்தையும் தீர்மானிக்கும். அதனால், "நான் இரும்பு ஆளு" என்று கடைசி வரைக்கும் பாறையையே உடைக்காதீங்க. பெட்டியைப் பாருங்க, எது குறைவோ அந்தப் பக்கம் ஓடுங்க.

இன்னொன்று, தண்டவாளத்தை நேராகவே போடணும் என்று சட்டம் இல்லை. பக்கத்தில் மரமும் பாறையும் நிறைய இருந்தால் வளைத்து வளைத்துப் போடுங்க. ரயில் அதே இடத்தைச் சுற்றி வரும், நாம தூக்கிக்கிட்டு நடக்கிற தூரம் குறையும். ஒரு தடவைக்கு மூன்று பொருள்தான் கையில் ஏறும், அதனால் இது பெரிய லாபம். ஆறு குறுக்கே வந்தால் தண்ணீரில் மரத்தைப் போட்டுப் பாலம் கட்டலாம். அதற்கும் மரம் செலவாகும் என்பதை மறந்துடாதீங்க. வழியில் கிடைக்கிற போல்ட்டை விடாதீங்க, நிலையத்தில் பெட்டிகளை மேம்படுத்த அதுதான் காசு. நிலையத்தோடு இணைத்ததும் ரயில் வேகமெடுத்து ஓடிடும், அடுத்த கட்டத்தில் இன்னும் வேகமாகப் போகும்.

இப்போ வாளி. ரயிலின் தண்ணீர்த் தொட்டி காலியானால் தீப்பிடிக்கும். இருப்பது ஒரே வாளி. அன்றைக்கு அது தங்கச்சி கையில்தான் இருந்தது. "மரம் கொண்டா, மரம் கொண்டா" என்று கத்தியது நான். அவள் வாளியை வைத்துவிட்டுக் கோடரியை எடுத்தாள். ரயில் பற்றிக்கொண்டதும், "தண்ணி எங்க?" என்று அதே வாயால் அவளையே திட்டினேன்.

சமாதானம் பண்ணி அழைத்துவர அரைமணி நேரம் ஆச்சு, ஒரு மைலோ ஐஸும் செலவாச்சு. அடுத்த ஆட்டத்துக்கு அவளே ஒரு விதி போட்டாள்: யாரும் யாருக்கும் கட்டளை போடக்கூடாது, தன் கையில் என்ன இருக்கு, பெட்டியில் எது குறையுது, அதை மட்டும் சொல்லணும். "இரும்பு இல்ல." "கோடரி ஆத்தங்கரையில வச்சிருக்கேன்." "தொட்டி பாதிதான்." அவ்வளவுதான் பேச்சு. முதல் ஆட்டத்தில் ஒரு நிலையத்தைக்கூடத் தொடாத நாங்கள், அன்றிரவு மூன்று நிலையம் தாண்டினோம்.

தண்டவாளம் போட்டது தங்கச்சி. வாளி என் கையில்.