நெருப்புத் திரிகை

அன்பு மருமகன் கதிருக்கு,

வேல்ஸ் நாட்டுச் சோல்வா துறைமுகத்திலிருந்து நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கரையோரம் வரிசையாக நிற்கும் அந்தக் கற்கட்டடங்கள் கோட்டை அல்ல, சுண்ணாம்புக் காளவாய்கள். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அந்தப் பக்கத்து வயல்களுக்கு மருந்து வெந்த அடுப்புகள்.

அங்கே ஓயாத மழை. மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு போய்விடும், மண் புளித்துப்போகும். புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேரை முடக்கும், மணிச்சத்து கட்டுண்டு கிடக்கும். எரு போட்டும் பயிர் தேறாது.

மாற்று, சுண்ணாம்புக்கல். பாறையை அப்படியே போட்டால் பயனில்லை, தூளாக்க வேண்டும். அரைக்க இயந்திரம் ஏது? படகில் வந்த கல்லை உடைத்து, கல் ஓர் அடுக்கு, நிலக்கரித்தூள் ஓர் அடுக்கு என்று காளவாயில் கொட்டி அடியில் தீ மூட்டினார்கள். சுமார் 900 டிகிரி சூட்டில் கரியமில வாயு வெளியேற, 100 கிலோ கல் 56 கிலோவாக இளைக்கும். குளிருக்கு இதமாக விளிம்பில் படுத்த வழிப்போக்கர்கள் அந்த நச்சுப் புகையில் உறக்கத்திலேயே இறந்ததும் உண்டு.

சுட்ட கல்லை வயலில் குவித்து ஈரம் காட்டுவார்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆச்சி கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவாளே, நினைவிருக்கிறதா? கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு புஸ்ஸென்று சீறும், பானையைத் தொட முடியாது, ஓடெல்லாம் மாவாகிவிடும். அதே கதைதான்.

அந்த மாவு காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கி மெல்லப் பழைய சுண்ணாம்புக்கல்லாகவே மாறுகிறது! அப்படியானால் இத்தனை பாடும் கல்லைப் பொடியாக்கத்தான். நெருப்புதான் அவர்களுக்குத் திரிகை. இதை முதன்முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. கல் அரைக்கும் ஆலைகள் பெருகியதும் காளவாய்கள் அணைந்தன.

நம் தோட்டத்துக்கும் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே. சுண்ணாம்பு புளிப்புக்கு மருந்து, எருவுக்கு மாற்று அல்ல. அதையே நம்பினால் அப்பன் செழிப்பான், மகன் ஏழையாவான் என்று அந்தப் பக்கத்து உழவர்களே சொல்லி வைத்தார்கள். நீலகிரியின் புளித்த மண்ணுக்கு அது உதவும். நம்முடையது கோவில்பட்டிக் கரிசல். கொழுவில் தட்டுப்படும் சுக்கான்கல்லே சுண்ணாம்புதான். மேலும் கொட்டினால் இரும்பும் துத்தநாகமும் கிட்டாமல் இலை வெளுக்கும்.

நீ ஊருக்கு வந்ததும் நாலைந்து இடத்தில் மண் எடுத்துச் சோதனைக்குக் கொடுப்போம். அதுவரை தோட்டத்தில் ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பும் விழ வேண்டாம்.

அன்புடன்,
மாமா