பழைய கணனியில் எதை முதலில் மாற்றுவது?

மட்டக்குளியில் கடைக் கணக்கை வீட்டுக் கணனியில் பதியும் வியாபாரிகள், அது மந்தமானதும் புதியது வாங்க அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் காரணம் பழைய ஹார்ட் டிஸ்க். அது செக்கனுக்கு 100 முதல் 200 மெகாபைட் வரை வாசிக்கும், சாட்டா எஸ்.எஸ்.டி. சுமார் 500 மெகாபைட் வாசிக்கும். முதல் செலவு இதற்கே.

கிராபிக்ஸ் கார்ட் கணக்கு வேலையை வேகமாக்காது. வீடியோ, விளம்பர வடிவமைப்பு செய்பவர்கள் மட்டும் யோசியுங்கள். கார்ட் செருகும் இடம் அதிகபட்சம் 75 வாட் மின்சாரமே தரும். அதற்கு மேல் தேவைப்பட்டால் பவர் சப்ளையையும் மாற்ற நேரலாம். அந்தச் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. உங்கள் கணனி விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்று பார்த்த பிறகே பணத்தை இறக்குங்கள்.

டிஸ்க் மாற்றுமுன் கடன் கணக்கைப் பிரதி எடுங்கள். பழைய டிஸ்க்கை ஒரு மாதமாவது பத்திரமாக வையுங்கள். கணனி போனால் வாங்கலாம். யார் எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்குப் போனால் யாரிடம் கேட்பது?