மின்வில் தின்னும் உலோகம்

நுழையும்முன்

திருப்பூரின் பின்னலாடைக் கூடங்களில் இயந்திரம் நிற்கும்போதெல்லாம் மின்பெட்டிக்குள் ஒரு சிற்றொளி தோன்றி மறைகிறது. அவ்வொளி உலோகத்தைத் தின்னும் விதத்தையும், அத்தேய்வையே மனிதர் தொழிலாக்கிய திறத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

பிரிவில் பிறக்கும் வில்

நொய்யல் ஆற்றங்கரை நகரான திருப்பூரில் வட்டப்பின்னல் இயந்திரங்கள் நூலை வளையங்களாகக் கோத்துத் துணியாக்குகின்றன. தொழிற்கூட மோட்டார்களுக்கு மின்சாரத்தை இணைத்தும் துண்டித்தும் வருவது 'காண்டாக்டர்' என்னும் கருவி. அதனுள் வெள்ளிக் கலவையாலான தொடுமுனைகள் உள்ளன. அவை விலகத் தொடங்கியதும் தொடும் பரப்பு சுருங்குகிறது. இறுதிப் புள்ளியில் மின்னோட்டம் முழுவதும் குவிய, உலோகம் உருகி, அறுந்து, ஆவியாகிறது. மோட்டாரின் கம்பிச்சுருளோ மின்னோட்டம் திடீரெனக் குறைவதை எதிர்க்கும். எனவே, மின்னோட்டம் இடைவெளியிலுள்ள காற்றையும் உலோக ஆவியையும் வழியாக்கிக்கொண்டு பாய்கிறது. அதுவே மின்வில். அதன் வெப்பம் பல ஆயிரம் டிகிரி செல்சியஸ். வெள்ளியோ 962 டிகிரியிலேயே உருகிவிடும்.

தேய்வும் தீங்கும்

நாம் பயன்படுத்தும் மாறுமின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுகிறது. அத்தகைய தருணத்தில்தான் வில் அணைகிறது. நொடிப்பொழுதும் வாழாத அவ்வில், ஒவ்வொரு முறையும் சிறிது உலோகத்தைக் கொண்டுசெல்கிறது. முனைகளில் குழிகள் விழுகின்றன. மின்தடை கூடி, வெப்பம் மிகுகிறது. ஒருநாள் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், நிறுத்தும் பொத்தானை அழுத்தினாலும் இயந்திரம் நிற்காது. மும்முனை மின்சாரத்தில் ஓர் இணைப்பு மட்டும் அறுந்தால், மோட்டார் மற்ற இரண்டைக்கொண்டு இயங்க முயன்று எரிந்துபோகும். பஞ்சுத்தூசி படிந்த இடத்தில் சிறுபொறியும் பெருந்தீயாகலாம். ஆகவே, மின்பெட்டியின் கதவு எப்போதும் மூடியிருத்தல் வேண்டும். கறுத்த வெள்ளி முனையை உப்புத்தாளால் தேய்ப்பதும் தவறு. அக்கறுப்பு மின்சாரத்தைப் பெரிதும் தடுப்பதில்லை. தேய்த்தால் எஞ்சிய வெள்ளிதான் குறையும்.

குறையே கருவியாதல்

சோவியத் ஒன்றியத்தில் போரிஸ் லசரென்கோ, நடாலியா லசரென்கோ என்னும் அறிவியல் இணையர் டங்ஸ்டன் தொடுமுனைகளின் தேய்வைத் தடுக்க ஆய்ந்தனர். தேய்வு நிற்கவில்லை. ஆனால், மின்கடத்தா நீர்மத்தில் அமிழ்த்தியபோது அது ஓர் ஒழுங்குக்குள் வந்தது. ஒழுங்குக்குள் வந்த தேய்வு உளியாகும் என்று அவர்கள் உணர்ந்தனர். 1943இல் மின்பொறியால் உலோகத்தைச் செதுக்கும் முறை பிறந்தது. கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் 'ஸ்பார்க் எரோஷன்' என வழங்குவது அதுவே. பிளாஸ்டிக் பொருள்களை வார்க்கும் கடினமான எஃகு அச்சுகளை அது நுட்பமாகக் குடைகிறது. தடுக்க இயலாத ஒன்றையும் கூர்ந்து நோக்கியவர்க்கு அதுவே வழிகாட்டிற்று.

கற்பவை கற்றபின்

உம் ஊரில் மின்பணியாளர் ஒருவரிடம் பழைய காண்டாக்டர் முனையைப் பெற்று, அதன் குழிகளை உருப்பெருக்கியால் நோக்கி, கண்டவற்றை ஒரு பத்தியளவில் எழுதுக.