ஹெட்டைக் கழற்றும் முன் தண்ணீரைப் பாருங்கள்

மாருதி 800-இன் ஹெட்டை வீட்டிலேயே இறக்க நினைப்பவர்கள் முதலில் ஸ்பேனரைத் தேட வேண்டாம். வண்டி நன்றாக ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். துருச் சேறோ வெள்ளைப் பொருக்கோ ஒட்டினால், கெட்டது ஹெட்டாக இருக்கலாம், கெடுத்தது தண்ணீர். புதுக்கோட்டைப் பக்கம் பல ஊர்களில் போர் தண்ணீரைச் சுட வைத்தாலே பாத்திரத்தின் அடியில் வெள்ளை படியும். அதையேதான் ரேடியேட்டரிலும் ஊற்றி வருகிறோம். குழாய்கள் அடைபட்டு, சித்திரை வெயிலில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்ட அன்றே ஹெட்டுக்குச் சனி பிடித்துவிடும். ரேடியேட்டரைச் சுத்தம் செய்யாமல், தெர்மோஸ்டாட்டைச் சோதிக்காமல் ஹெட்டை மட்டும் சரிசெய்தால் அடுத்த கோடையில் திரும்பவும் இறக்க வேண்டியதுதான்.

இந்த 796 சிசி இன்ஜினில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு அடி வாங்குவது கேஸ்கெட். ஹெட் வளைவதும் இதனால்தான். சூடாக இருக்கும்போது போல்ட்டில் கை வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான். ராத்திரி முழுக்க ஆறட்டும்.

இறக்குவதற்கு முன் கம்ப்ரஷன் கேஜை இரவல் வாங்கியாவது ஒரு முறை பார்த்துவிடுவேன். மூன்று சிலிண்டருக்கும் இடையே ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எங்கோ கசிகிறது. குறைந்த சிலிண்டரில் பிளக் ஓட்டை வழியாக ஒரு கரண்டி இன்ஜின் ஆயிலை விட்டுத் திரும்பப் பாருங்கள். அளவு ஏறினால் தேய்ந்தது பிஸ்டன் ரிங். அப்போது ஹெட் வேலை மட்டும் செய்வது வீண் செலவு. ஏறவில்லை என்றால் வால்வோ கேஸ்கெட்டோதான்.

கழற்றுவதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. டைமிங் பெல்ட் அடையாளங்களையும் டிஸ்ட்ரிபியூட்டர் நின்ற இடத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஹெட் போல்ட்டை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத் தளர்த்துங்கள். அட்டைப் பெட்டியில் ஆறு துளை போட்டு எண் எழுதி, வால்வுகளை அந்தந்த இடத்தில் செருகி வையுங்கள். ஸ்பிரிங்கை அமுக்கும் கிளாம்ப் இல்லாமல் வால்வு லாக்கை எடுக்க முயன்றால் அது எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. எங்கள் ஊர் செம்மண் புழுதி தனிக் கதை. ஆடிக் காற்றில் திண்ணையில் வைத்து இந்த வேலை செய்யவே கூடாது. திறந்த சிலிண்டர்களின் மேல் எப்போதும் துணி கிடக்க வேண்டும்.

பழைய கேஸ்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள். எந்த இடத்தில் கருகியிருக்கிறதோ அங்கேதான் ஹெட்டிலும் கோளாறு தேட வேண்டும். பழைய பிசிறைச் சுரண்டிவிட்டு, நேரான இரும்புப் பட்டையை ஹெட்டின் மேல் நீளவாக்கில், குறுக்கில், மூலைக்கு மூலை வைத்து அடியில் ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். 0.05 மில்லிமீட்டர் தகடு நுழைந்தாலே அந்த ஹெட் ஃபேஸிங்குக்குப் போக வேண்டும். கண்ணாடியின் மேல் எமரி பேப்பர் ஒட்டித் தேய்ப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. என் ஹெட்டைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு திருச்சிக்குத்தான் கொண்டுபோனேன். பட்டறை அண்ணன் வால்வைக் கைடுக்குள் விட்டு ஆட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, கைடு இப்படி ஆடுனா நீங்க ராப்பகலா அரைச்சாலும் வால்வு உக்காராது." ஃபேஸிங்கும் கைடு மாற்றுவதும் பட்டறை வேலை. மிச்சமெல்லாம் நம் வேலை.

அந்த மிச்சத்தில் ருசியானது வால்வு அரைப்பது. வால்வு முகத்தில் கிரைண்டிங் பேஸ்ட்டைப் பொட்டுப் பொட்டாக வைத்து, ரப்பர் கப் வைத்த குச்சியை ஒட்டி, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே மத்துக் கடைவதுபோல் முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். அவ்வப்போது தூக்கிக் கால் சுற்றுத் திருப்பி வையுங்கள். முதலில் கரகரவென்று கேட்கும் சத்தம் மெல்ல வழவழப்பாகும். பேஸ்ட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். துடைத்துப் பார்த்தால் வால்விலும் சீட்டிலும் அறுபடாத சாம்பல் நிற வளையம், ஒன்றரை மில்லிமீட்டருக்கு மிகாமல், தெரிய வேண்டும். டிரில் மெஷினில் மாட்டிச் சுற்றினால் சீக்கிரம் முடியும்தான். சீட்டும் சீக்கிரம் முடிந்துபோகும். அரைத்தபின் மண்ணெண்ணெயில் நன்றாக அலசுங்கள். கைடில் ஒட்டிய பேஸ்ட் புது வால்வையும் தின்றுவிடும்.

அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய பெட்ரோலிலிருந்த ஈயம் வால்வு சீட்டுக்கு ஒரு பூச்சுபோல் உதவியது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயமில்லாத பெட்ரோல்தான். பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் சீட் உள்வாங்கியிருந்தால் அரைத்துப் பயனில்லை. கடினமான சீட் ரிங் போடச் சொல்லுங்கள்.

புது வால்வு சீலைக் கையால் அழுத்தி மாட்டுங்கள், சுத்தியல் வேண்டாம். ஸ்பிரிங்கில் சுற்று நெருக்கமான பக்கம் கீழே வரட்டும். பிறகு பிளக்கை மாட்டி, ஹெட்டைக் கவிழ்த்து ஒவ்வொரு குழியிலும் மண்ணெண்ணெய் நிரப்பி வையுங்கள். போர்ட் வழியே ஈரம் கசியாவிட்டால் வால்வு உட்கார்ந்துவிட்டது.

ஏற்றும்போது போல்ட் துளைகளில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருக்கக் கூடாது. போல்ட்டை நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று தவணையாக, டார்க் ரெஞ்ச்சில் 5.5 முதல் 6 கிலோகிராம்-மீட்டர் அளவுக்கு முறுக்குங்கள். இந்த ஒரு இடத்தில் கை அனுபவம் செல்லாது. டேப்பட் இடைவெளி, இன்ஜின் குளிர்ந்திருக்கையில், 0.13-இலிருந்து 0.17 மில்லிமீட்டர்.

முதல் ஓட்டம் கீரனூர் வரை போதும். கூலண்ட் கலந்த டிஸ்டில்டு வாட்டர் கேனை டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் டீக்கடை அடிபம்பில் பிடித்து ஊற்றும் எண்ணமே வரக் கூடாது. ஊர் திரும்பி, வண்டி ஆறியபின் தண்ணீர் மட்டத்தையும் ஆயிலையும் பாருங்கள். ஆயில் பால் கலந்ததுபோல் இல்லை, தண்ணீரும் இறங்கவில்லை என்றால் ஏர் ஃபில்டரை இறுக்கிவிட்டு பானெட்டை மூடலாம்.