பழைய லேப்டாப் கடைசி நேரத்தில் காலை வாருகிறதா? 'ஸ்வாப்' பற்றித் தெரிந்துகொள்வோம்!



நீங்கள் மயிலாடும்பாறையில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க இன்றுதான் கடைசி நாள். மணி இரவு ஒன்பதரை. கடைகள் எல்லாம் சாத்தியாச்சு. இனி பஸ் பிடித்து தேனிக்குப் போய் பிரவுசிங் சென்டர் தேட முடியாது. கையில் இருப்பது பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப் மட்டும்தான்.

போட்டோ ஏற்றியாச்சு, கையெழுத்து ஏற்றியாச்சு, சாதிச் சான்றிதழும் ஏற்றியாச்சு. 'சமர்ப்பி' என்பதை அழுத்துகிறீர்கள். திரை அப்படியே நின்றுவிடுகிறது. மவுஸ் நகரவில்லை. ஹார்டு டிஸ்க் விளக்கு மட்டும் விடாமல் மினுக்மினுக்கென்று எரிகிறது.

"இந்த லேப்டாப் இனி எதுக்கும் ஆகாது, தூக்கிப் போடு" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். பொறுங்கள்! அந்த விளக்கு உங்களுக்கு ஒரு சேதி சொல்கிறது. அதைப் புரிந்துகொண்டால், பழைய லேப்டாப்பை இன்னும் சில காலம் நம்பி ஓட்டலாம்.

களமும் கிடங்கும்

கடமலை - மயிலை ஒன்றியத்தில் இருப்பவர்களுக்கு இலவம் பஞ்சைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. காயைப் பறித்து வந்து களத்தில் பரப்பிக் காயப்போடுவோம். களம் சின்னது. அது நிறைந்துவிட்டால் என்ன செய்வோம்? இப்போதைக்குத் தேவைப்படாததை மூட்டை கட்டி கிடங்கில் வைப்போம். தேவைப்படும்போது எடுத்து வருவோம்.

கணினியும் இதையேதான் செய்கிறது. களம் என்பது ரேம். கிடங்கு என்பது ஹார்டு டிஸ்க். ரேம் நிறையும்போது உடனடியாகத் தேவைப்படாத தகவல்களை எடுத்து வைக்க ஹார்டு டிஸ்கில் ஒதுக்கும் இடம்தான் 'ஸ்வாப்'. விண்டோஸில் இதற்கு 'பேஜ் ஃபைல்' என்று பெயர். இது புது விஷயமே இல்லை. 1962-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய 'அட்லஸ்' கணினியிலேயே இந்த ஏற்பாடு இருந்தது.

ஆனால் ஒரு சிக்கல். களத்தில் இருப்பதைக் கையை நீட்டி எடுத்துவிடலாம். கிடங்குக்கு நடந்து போய் வர வேண்டும். சுழலும் ஹார்டு டிஸ்கில் ஒரு தகவலைத் தேடி எடுக்க ரேமைவிட சுமார் ஒரு லட்சம் மடங்கு நேரம் பிடிக்கும். எஸ்.எஸ்.டி. என்றால் இடைவெளி நன்றாகக் குறையும், ஆனாலும் ரேமுக்கு ஈடாகாது.

கிடங்கில் மூட்டை இருப்பது தப்பில்லை. நாள் முழுக்க மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தால்தான் களத்தில் ஒரு வேலையும் நடக்காது. உங்கள் திரை நின்றுபோனபோது கணினி அந்தச் சுமைதூக்கும் வேலையில்தான் மாட்டிக்கொண்டிருந்தது. இந்த நிலைக்கு 'த்ராஷிங்' என்று பெயர்.

முதலில் என்ன நோய் என்று பார்ப்போம்

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அந்த லேப்டாப்களில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. இரண்டிலும் சோதித்துப் பார்க்கலாம்.

விண்டோஸ் என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். அதில் எந்த நிரல் அதிக மெமரியைப் பிடித்து வைத்திருக்கிறது என்று தெரியும். பெரும்பாலும் பிரவுசராகத்தான் இருக்கும்.

லினக்ஸ் என்றால் டெர்மினலில் 'ஃப்ரீ' என்ற கட்டளையை அடியுங்கள். ரேம் எவ்வளவு, ஸ்வாப் எவ்வளவு, இரண்டிலும் எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று காட்டும். ஸ்வாப் வரியில் எல்லாமே பூஜ்ஜியம் என்றால் உங்களுக்குக் கிடங்கே இல்லை என்று அர்த்தம். அடுத்து 'விஎம்ஸ்டாட் 1' என்று அடித்தால் நொடிக்கு ஒரு வரி வரும். அதில் 'எஸ்ஐ', 'எஸ்ஓ' என்ற இரண்டு பத்திகளைக் கவனியுங்கள். முதலாவது கிடங்கிலிருந்து வரும் மூட்டை, இரண்டாவது கிடங்குக்குப் போகும் மூட்டை. எப்போதாவது எண் வந்தால் கவலை இல்லை. விடாமல் பெரிய எண்களாக வந்தால் த்ராஷிங்தான்.

எவ்வளவு இடம் ஒதுக்கலாம்?

ரேம் 2 ஜிபி அல்லது அதற்குக் குறைவு என்றால் அதைப்போல இரண்டு மடங்கு ஸ்வாப் வைக்கலாம். 2 முதல் 8 ஜிபி வரை என்றால் ரேம் அளவுக்கே வைக்கலாம். லினக்ஸில் 'ஹைபர்நேட்' வசதி வேண்டுமென்றால் ஸ்வாப் ரேமைவிடக் குறையாமல் இருப்பது நல்லது. ஏனென்றால் ரேமில் இருப்பதை அப்போது அங்கேதான் எழுதி வைக்கும்.

விண்டோஸில் எப்படி?

கன்ட்ரோல் பேனல், சிஸ்டம், அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ் என்று வரிசையாகப் போங்கள். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் செட்டிங்ஸை அழுத்தி, அட்வான்ஸ்டு பக்கத்தில் 'விர்ச்சுவல் மெமரி'க்குக் கீழே 'சேஞ்ச்' என்பதைத் தொடுங்கள். மேலே உள்ள 'ஆட்டோமேட்டிக்' பெட்டியில் டிக் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். முக்கியமாக, சி டிரைவில் சில ஜிபி காலியாக இருக்கட்டும். சினிமாவும் கல்யாண வீடியோவும் சி டிரைவை அடைத்துக்கொண்டிருந்தால் பேஜ் ஃபைல் வளர இடமே இருக்காது.

லினக்ஸில் எப்படி?

நான்கே படிகள்தான். ஒன்று, தேவையான அளவில் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்க வேண்டும். இரண்டு, அதன் அனுமதியை 600 என்று மாற்ற வேண்டும். மூன்று, 'எம்கேஸ்வாப்' கட்டளையால் அதை ஸ்வாப் கோப்பாக ஆக்கி, 'ஸ்வாப்ஆன்' கட்டளையால் இயக்க வேண்டும். நான்கு, 'எஃப்எஸ்டேப்' கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். இந்தக் கடைசிப் படியை மறந்தால், அடுத்த முறை லேப்டாப்பை ஆன் செய்யும்போது ஸ்வாப் இருக்காது. எல்லாவற்றுக்கும் நிர்வாகி அனுமதி தேவை. பழக்கமில்லை என்றால் கணினி ஆசிரியரையோ, தெரிந்த நண்பரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். எஃப்எஸ்டேப் கோப்பில் தப்பு வந்தால் கணினி திறப்பதிலேயே தகராறு வரலாம்.

'ஸ்வாப்பினஸ்' என்று ஓர் அமைப்பும் உண்டு. கிடங்குக்கு மூட்டை அனுப்ப கணினி எவ்வளவு அவசரப்படலாம் என்பதை அது தீர்மானிக்கிறது. வழக்கமாக 60 என்று இருக்கும். பழைய ஹார்டு டிஸ்க் உள்ள லேப்டாப்பில் அதை 10 ஆகக் குறைத்துப் பார்க்கலாம்.

இன்னொரு வழி 'இசட்ரேம்'. பஞ்சை அமுக்கிக் கட்டினால் களத்தின் ஓரத்திலேயே வைத்துவிடலாம் இல்லையா? அதேபோல இது தகவலைச் சுருக்கி ரேமிலேயே வைத்துக்கொள்கிறது. கிடங்குக்கு நடக்கும் நடை குறையும்.

இதைச் செய்யாதீர்கள்!

ஸ்வாப்பை மொத்தமாக நிறுத்தினால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ரேமும் நிறைந்து ஸ்வாப்பும் இல்லாவிட்டால், லினக்ஸ் வேறு வழியில்லாமல் ஏதாவது ஒரு நிரலைத் தானே நிறுத்திவிடும். பெரும்பாலும் அதிக மெமரி பிடித்திருக்கும் பிரவுசர்தான் பலியாகும். உங்கள் விண்ணப்பமும் அதோடு போய்விடும்.

ஸ்வாப்பைக் கூட்டிக்கொண்டே போனால் லேப்டாப் பறக்கும் என்றும் நினைக்க வேண்டாம். கிடங்கு எவ்வளவு பெரிதானாலும் களம் பெரிதாகாது. ரேம் கூட்டுவதும் எஸ்.எஸ்.டி. போடுவதும்தான் நிரந்தரத் தீர்வு.

இன்னொன்று: ரேமில் இருந்த பாஸ்வேர்டு, ஆதார் விவரம் போன்றவையும் ஸ்வாப்புக்குப் போயிருக்கலாம். மற்றவர்கள் படிக்க முடியாமல் இருக்கத்தான் அந்த 600 அனுமதி. லேப்டாப்பை விற்பதாகவோ, யாருக்காவது கொடுப்பதாகவோ இருந்தால், ஹார்டு டிஸ்கை முழுமையாக அழித்த பிறகே கொடுங்கள்.

அடுத்த விண்ணப்பத்துக்கு முன்னால்...

இன்றைக்கே அரை மணி நேரம் ஒதுக்கி இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். விண்ணப்பிக்கும் அன்று லேப்டாப்பை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்ணப்பப் பக்கத்தைத் தவிர மற்ற டேப்களை மூடிவிடுங்கள். போட்டோவையும் சான்றிதழையும் கேட்கும் அளவுக்கு முன்கூட்டியே சுருக்கி வையுங்கள். சேமிக்கும் வசதி இருந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் சேமியுங்கள்.

அதையெல்லாம்விட முக்கியம், கடைசி நாள் இரவுவரை காத்திருக்காதீர்கள். இரண்டு நாள் முன்னால் லேப்டாப் நின்றுபோனால் காலையில் பஸ் ஏறி இ-சேவை மையத்துக்கோ, பிரவுசிங் சென்டருக்கோ போய்விடலாம். கடைசி நாள் இரவில் நின்றுபோனால் எந்தக் கிடங்கிலும் மாற்று வழி இருக்காது!