பாட்டு முன்னால் போகும். பேரும் கூடப் போகட்டும்

போன மாசம் ஒரு ராத்திரி, என் தங்கச்சி தானே எழுதி மெட்டுப் போட்ட இரண்டாவது பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தாள். திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் வீட்டுப் படுக்கையறைதான் ஸ்டுடியோ. ஜன்னலுக்குப் போர்வை, கதவிடுக்கில் துண்டு, ஃபேன் ஆஃப். மூன்று டேக் சொதப்பி, நாலாவது தேனாக வந்தது. கடைசி வரியில் மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்து சன்ஷேடில் சடசடவென்று கொட்டியது. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்தது நான்தான்.

வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைசியில், "உனக்குப் பாட்டுத்தான் வராது, கணக்காவது வருமே" என்று ஒரு நோட்டை என் கையில் திணித்தாள். இரண்டு பாட்டு வெளியீடு, நாலு ஊர் டூர், இதுதான் அவள் திட்டம். இரண்டுக்குமாக அந்த நோட்டில் நான் எழுதிவைத்தவை, பாட்டெழுதிப் பாடும் எல்லாத் தங்கச்சிகளுக்கும்.

1. முதலில் அறையைக் கேள்

மைக்குக்குக் காசு போடுவதற்கு முன்னால், உன் அறையில் ஒரு நிமிஷம் யாரும் பேசாமல் பதிவு செய்து ஹெட்போனில் கேள். ஃபிரிட்ஜ் முனகுவது, பக்கத்து வீட்டு சீரியல், களியிக்காவிளை ரோட்டு பஸ் ஹாரன் எல்லாம் வரிசையாக வரும். துணி அடைத்த அலமாரியைத் திறந்துவைத்து அதைப் பார்த்து நின்று பாடினால் எதிரொலி பாதியாகும். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறுவரை பொது இடத்தில் ஒலிபெருக்கிக்குத் தடை இருப்பதால், பத்து மணிக்கு மேல் கோயில் விழாச் சத்தமும் கட்சிக் கூட்டமும் அடங்கியிருக்கும். இடவப்பாதி மழைக்காலத்தில் மட்டும் தவளைகளுக்கு எந்தச் சட்டமும் இல்லை.

1980-ல் யேசுதாஸ் இந்த ஊரில் தரங்கிணி ஸ்டுடியோவைத் தொடங்கும்வரை, மலையாளப் பாட்டுப் பதிவென்றால் பெரும்பாலும் மதராசுக்குத்தான் ரயில் ஏறவேண்டும். இன்றைக்கு அலமாரியே போதும். ஆனால் மிக்ஸிங்கை வேறொரு காதிடம் கொடு. சொந்தக் குரலை நூறு தடவை கேட்டவளுக்கு அதன் குறை தெரியாது. முடிந்ததும் மூன்று ஃபைல் கேட்டு வாங்கு: 24 பிட் வேவ் ஃபைல், குரல் இல்லாத டிராக், ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக இருக்கும் ஸ்டெம். டூரில் கீபோர்டுக்காரர் கடைசி நிமிஷத்தில் வராமல் போனால் குரல் இல்லாத டிராக்தான் மானத்தைக் காப்பாற்றும். எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் வை. எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் மொத்தப் பதிவும் ஒரே ஹார்டு டிஸ்க்கோடு போனது.

2. பேரை ஒரே மாதிரி எழுது

என் தங்கச்சியின் முதல் பாட்டு ஒரு தளத்தில் பேருக்கு நடுவே ஒரு எச் சேர்ந்தும், இன்னொன்றில் அது இல்லாமலும் ஏறிவிட்டது. ஒரே குரலுக்கு இரண்டு பாடகிகள். கேட்டவர்கள் எண்ணிக்கையும் இரண்டாகப் பிரிந்தது. சரிசெய்ய மூன்று வாரம் மெயில் எழுதினோம்.

இந்த ஊர்ப் பெரியவர்கள் இதில் நம்மைவிடக் கெட்டி. சுவாதித் திருநாள் தன் கீர்த்தனைகளுக்குள் பத்மநாபன் பேரை முத்திரையாக வைத்தார். ஒன்பது வயதில், 1899-ல், திருவனந்தபுரத்துக்கு வந்து வளர்ந்த பாபநாசம் சிவன் 'ராமதாசன்' என்று வைத்தார். இங்கே நீலகண்ட சிவனின் பாட்டுகளைக் கேட்டு ஊறியவர் அவர். 1910-ல் அம்மா போனபின் ஊரைவிட்டுக் கிளம்பிக் கோயில் கோயிலாகப் பாடிக்கொண்டு நடந்தார். மேடை இல்லை, போஸ்டர் இல்லை. பாட்டு எந்த வாய்க்குப் போனாலும் முத்திரை கூடவே போனது.

நம் காலத்து முத்திரை, பாட்டை ஏற்றும்போது நிரப்பும் விவரப் படிவம். பாடியவர், எழுதியவர், மெட்டுப் போட்டவர், வாசித்தவர் எல்லார் பேரையும் ஒரே எழுத்துக்கூட்டலில் போடு. ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற, எழுத்தும் எண்ணுமாக 12 குறி கொண்ட அடையாளம் கிடைக்கும். அதை நோட்டில் எழுதிவை. பாட்டைத் தளங்களில் ஏற்றித்தரும் விநியோகஸ்தரை நாளைக்கு மாற்றினாலும் அதே எண்ணைக் கொடுத்தால்தான் பழைய கணக்கு தொடர வழி உண்டு.

3. டீ ஆறுவதற்குள் பங்கை எழுது

பதிவு முடிந்த அன்றைக்கே, எல்லாரும் சிரித்துக்கொண்டு இருக்கும்போதே, அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கு. எங்கள் நோட்டில் இருப்பது இவ்வளவுதான்: பாட்டின் பேர், தேதி, வரிகள் தங்கச்சி, 100 சதவீதம், மெட்டு தங்கச்சி 70, கிடார் வாசித்த தம்பி 30, பதிவின் உரிமை தங்கச்சிக்கு, தம்பிக்கு வாசித்த கூலி கொடுத்தாயிற்று. பாட்டு ஓடாதவரை இந்தக் காகிதத்தை யாரும் தேடமாட்டார்கள். ஓடிவிட்டால் இதில்லாமல் நட்பு மிஞ்சாது.

கம்பெனி ஏதாவது ஒப்பந்தம் நீட்டினால் ராத்திரியோடு ராத்திரியாகக் கையெழுத்துப் போடாதே. காப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில்தான் இருக்கவேண்டும். எத்தனை வருஷம் என்று எழுதாவிட்டால் 5 வருஷம் என்றும், எந்த எல்லைக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் 'உலகம் முழுக்க, நிரந்தரமாக' என்ற வார்த்தைகளைப் பொடி எழுத்தில் நுழைப்பார்கள். அந்த இடத்தில் பேனாவை நிறுத்து. 2012-ல் வந்த திருத்தம் எழுதுபவருக்கும் இசையமைப்பவருக்கும் ராயல்டியில் சம பங்கை உறுதிசெய்தது. அந்தப் பங்கைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்துவிட முடியாது. அதை வசூலித்துத் தர 1969-லிருந்து ஐபிஆர்எஸ் இருக்கிறது. முதல் பாட்டு வெளியானதுமே உறுப்பினராகிவிடு.

4. அடுத்தவர் பாட்டென்றால் இறந்த வருஷம் பார்

பழைய பாட்டைப் புதிதாகப் பாடிப் போட்டால் சீக்கிரம் காதில் ஏறும் என்று எல்லாரும் ஆசைப்படுவோம். எழுதியவர் இறந்த வருஷத்துக்குப் பின் 60 வருஷம் உரிமை நீடிக்கும். சுவாதித் திருநாள் 1846-ல் மறைந்தார், நீலகண்ட சிவன் 1900-ல். தாராளமாகப் பாடலாம். பாபநாசம் சிவன் மறைந்தது 1973 அக்டோபரில். ஆக, 2033 முடியும்வரை அவர் பாட்டைப் பதிவு செய்து வெளியிட அனுமதி வேண்டும். 'பழைய கீர்த்தனைதானே' என்று நினைத்து மாட்டிக்கொள்ளாதே. உரிமை முடிந்த பாட்டாக இருந்தாலும் இன்னொருவர் பாடிய பதிவை எடுத்து ஒட்டாதே. அது தனி உரிமை.

5. ஒவ்வொன்றாக விடு

கேரளத்தின் அவியல் இசைக்குழுவை எடுத்துக்கொள். 2003-ல் 'நட நட' பாட்டோடு வந்தார்கள். முதல் ஆல்பம் வந்தது 2008-ல். ஐந்து வருஷம் ஒரு பாட்டை நம்பி ஊர் காத்திருந்தது. நமக்குப் பத்துப் பாட்டை ஒரே நாளில் கொட்ட என்ன அவசரம்? ஆறு வாரத்துக்கு ஒன்று போதும்.

வெளியீட்டுத் தேதிக்கு நாலு வாரம் முன்பே ஏற்றிவிடு. ஸ்பாட்டிஃபையில் அவர்களுடைய பிளேலிஸ்ட்டுக்குப் பரிந்துரைக்க குறைந்தது 7 நாள் முன்னால் அனுப்பவேண்டும். பன்னிரண்டு மாசத்தில் 1000 தடவை ஓடாத பாட்டுக்கு 2024-லிருந்து அங்கே காசு கிடையாது. அதனால் இந்த வருமானத்தை நம்பி டூர் செலவைப் போடாதே. ஸ்ட்ரீமிங் உனக்குச் சொல்லப்போவது வேறு விஷயம்: எந்த ஊரில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதை. எங்கள் பட்டியலில் சென்னைக்கு அடுத்து நாகர்கோவில் இருந்தது. டூர் எங்கே தொடங்கவேண்டும் என்று அதுவே சொல்லிவிட்டது.

6. டூர் கணக்கை நாற்காலியில் போடு

நிசாகந்தி திறந்தவெளி அரங்கில் பாடும் கனவு இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் மானவீயம் வீதியில் ஒரு சாயங்காலம் பாடிப் பார். காசு கொடுக்காமல் நிற்பவர் எந்தப் பாட்டில் நகர்ந்து போகிறார் என்று பின்னால் நின்று கவனிக்க ஒரு அக்காவை வை. 2022 நவம்பரில் கோவளத்துக்குப் பக்கத்தில் வெள்ளார் கைவினைக் கிராமத்தில் நடந்த சர்வதேச இண்டி இசை விழா போல ஒன்று வந்தால், பாட அழைக்காவிட்டாலும் போ. சவுண்ட் செக்கை எப்படிச் செய்கிறார்கள், ஒரு குழு இறங்கி அடுத்தது ஏற எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார். காசு கொடுத்தாலும் யாரும் சொல்லித்தராத பாடம் அது.

ஊர்களை ரயில் பாதையிலேயே கோத்துக்கொள். நம்மூரிலிருந்து கொல்லமும் நாகர்கோவிலும் இரண்டு திசையிலும் ஏறக்குறைய 70 கிலோமீட்டர்தான். நாங்கள் தெற்கே போகிறோம்: நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரை, பிறகு ராத்திரி ரயிலில் சென்னை. ராத்திரி ரயில் என்றால் ஒரு லாட்ஜ் வாடகை மிச்சம். இரண்டு நிகழ்ச்சிக்கு நடுவே ஒரு நாள் விடு. தொண்டையும் மனுஷிதான்.

உதாரணத்துக்கு ஒரு ஊர்க் கணக்கு: பயணம் 1,200, தங்கலும் சாப்பாடும் 2,500, சவுண்ட் 3,000, கிடார் தம்பிக்கு 2,000. மொத்தம் 8,700. டிக்கெட் 250 என்றால் 35 பேர் வந்தால் கைக்காசு போகாது. அறுபது நாற்காலி ஹாலில் முப்பத்தைந்து நிரம்பும் என்று நம்பிக்கை இருந்தால் அந்த ஊர் சரி. ஐம்பது வேண்டும் என்றால் செலவைக் குறை, அல்லது ஊரை அடுத்த டூருக்குத் தள்ளு.

அமைப்பாளரிடம் முன்பணமாகப் பாதியாவது வாங்கு. ஒரு இடத்தில் "பரிபாடி கழிஞ்ஞிட்டு தராம் மோளே" என்றார்கள். நிகழ்ச்சி முடிந்தது, மோள் மட்டும் நின்றாள். டிடிஎஸ் பிடித்தால் அதற்கான சான்றிதழையும் அப்போதே கேட்டுவை.

7. தேதி குறிக்கும் முன் பஞ்சாங்கம்

ஆற்றுகால் பொங்கல் அன்றைக்கு நகரமே அடுப்பு. மைக்கை எங்கே வைப்பாய்? டிசம்பரில் திரைப்பட விழா நடக்கும் வாரம் டாகூர் தியேட்டர் பக்கம் தலைவைக்க முடியாது. பத்மநாபசுவாமி ஆராட்டு ஊர்வலம் விமான ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் போவதால், வருஷத்தில் இரண்டு நாள் விமான நிலையமே சில மணி நேரம் மூடிவிடும். வெளியூர் டிரம்மரை அன்றைக்கு விமானத்தில் வரச் சொல்லிவிடாதே. துலா மழை மாசத்தில் சாயங்காலம் இடி நிச்சயம். திறந்தவெளி மேடையும் மின்சார கிடாரும் அப்போது வேண்டாம்.

8. பையும் உடம்பும்

நம்மூர் ஈரத்தில் கிடார் பெட்டிக்குள் பூஞ்சை பூக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு போடு. கூடுதல் தந்தி, பேட்டரி, ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், இன்சுலேஷன் டேப் கட்டாயம். ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கு 40 கிலோவரை சாமான் இலவசம். அதைத் தாண்டாமல் கட்டு. கட்டஞ்சாயா பிடிக்கும்தான், பாடுவதற்கு முன் வெந்நீர் குடி. இருட்டுவதற்குள் லாட்ஜுக்குப் போய்ச் சேருகிற ரயிலாகப் பார். ஹாலிலிருந்து திரும்பும் வண்டியைப் பகலிலேயே பேசிவிடு. லைவ் லொகேஷனை வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிட்டுத்தான் கிளம்பவேண்டும், அதில் பேச்சே கிடையாது.

இனி நோட்டின் கடைசிப் பக்கம். நாகர்கோவில் நிகழ்ச்சிக்கு இதுவரை 22 டிக்கெட் போயிருக்கிறது. முப்பத்தைந்துக்கு இன்னும் பதின்மூன்று. அங்கிருக்கும் சித்தி போன் பண்ணி, "நம்ம பிள்ளை பாடுறதுக்கு டிக்கெட்டா? பத்துப் பேர் வரோம்" என்றாள். "வாங்க சித்தி, இரண்டாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றேன். அஞ்சு நிமிஷம் திட்டினாள். சாயங்காலம் பணம் வந்தது. கூடவே ஒரு மெசேஜ்: போஸ்டரில் தங்கச்சி பேரில் எச் விட்டுப்போயிருக்கிறதாம்.